யாருத்தா வர்றது

இதில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ஒருத்தி காதுக்குள் பெயர் பெயராகச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போய்விட்டது. வலது பக்கம் வர்றது ஒங்க பெரியம்மா மகன், பச்சைச் சேலை அவர் வீட்டம்மா, பின்னால குடையோட வர்றவர் திருமயத்துச் சம்பந்தி. கல்யாணம், காதுகுத்து, கோயில், பஸ் ஸ்டாண்டு, எங்கே போனாலும் இதே பாட்டு. அதனால் அவளையும் அக்கா என்று மட்டும் சொல்கிறேன். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. அரிமளத்தில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் குடியிருந்தோம். அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது.

அக்காவுக்கு முகம் தெரியாது. கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. பஸ் வளைவில் திரும்பும்போதே போர்டைப் படித்துவிடுவாள். அந்தி வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோப்பாள். மனுஷ முகம் மட்டும் அவளிடம் தங்காது. பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

நான் கல்யாணமாகி வந்த நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, பழைய சேலையில் அவள் வீட்டுக்குக் காபித்தூள் வாங்கப் போனேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள், "யாரு வேணும்?" என்றாள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. நாலு நாளாக என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சோறு போட்டவள். மூத்த மருமகள் என்கிற திமிரை இப்படியா காட்டுவது என்று காபித்தூள் வாங்காமலே திரும்பிவிட்டேன். அன்று சாயங்காலம் அவளே தேடி வந்தாள். வாசலில் நின்று என் கால் செருப்பைப் பார்த்தாள், அப்புறம்தான் உள்ளே வந்தாள்.

"கோவிச்சுக்கிறாதத்தா. பட்டுச் சேலையும் பூவுமா இருந்தப்ப நீதான்னு தெரிஞ்சுச்சு. அதெல்லாம் எடுத்துட்டு வந்தியா, ஆளு மாறிருச்சு."

"அது எப்படிக்கா? மூஞ்சி அதேதானே?"

"மூஞ்சி தெரியாம இல்லத்தா. கண்ணு இருக்கு, மூக்கு இருக்கு, எல்லாம் அங்கனதான் இருக்கு. பாத்துக்கிட்டு இருக்கும்போது நல்லாத்தான் தெரியுது. இங்கிட்டுத் திரும்பிட்டு அங்கிட்டுப் பாத்தா புது மூஞ்சியா இருக்கு. ஆட்டு மந்தைய ஓட்டிட்டுப் போறாங்களே, எந்த ஆடு எதுன்னு ஒனக்குத் தெரியுமா? மேய்க்கிறவனுக்குத் தெரியும். நீங்க எல்லாரும் மேய்க்கிறவங்க. நான் ரோட்டுல போறவ."

அவளுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு துப்பு உண்டு. பெரியவருக்கு, அதாவது அவள் புருஷனுக்கு, ஒரு கனைப்பும் முழங்கையை வீசி நடக்கிற நடையும். எனக்குச் செருப்பை இழுத்து நடக்கிற சத்தம். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில்தான் ரொம்பப் பாடுபட்டாள். நானூறு பிள்ளைகள் ஒரே யூனிபாரத்தில், ஒரே ரிப்பன் கட்டிக்கொண்டு கேட்டை விட்டு வெளியே வந்தால் அவள் என்ன செய்வாள்? மகளுக்கு ஒற்றைக் காலில் மட்டும் கொலுசு போட்டு அனுப்பினாள். ஊரில் என்னென்னவோ சொன்னார்கள், செய்வினை என்றுகூடச் சொன்னார்கள். கேட் பக்கம் தலை குனிந்து கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் கொலுசு கழன்று விழுந்து, பிள்ளை அம்மாவின் முன்னாலேயே நின்று, "அம்மா, நான்தான்" என்றதாம். பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. அதைச் சொல்லி எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள்.

டி.வி. பார்க்கும்போது அவள் பக்கத்தில் உட்காரவே கூடாது. கதாநாயகன் சட்டை மாற்றினால் "இவன் யாரு புதுசா?" என்பாள். சீரியலில் திடீரென்று ஒரு நாள் "இவருக்குப் பதில் இவர்" என்று போட்டுப் புது நடிகையை இறக்குவார்களே, வீட்டில் எல்லோரும் திட்டிக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும், "அதே பிள்ளைதானே? கொரலுதான் கொஞ்சம் கம்மியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பூக் கட்டுவாள். கொரோனாவில் எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் தெரியாமல் முழித்தபோது, அவள் ரேஷன் கடை வரிசையில் நிம்மதியாக நின்றாள். "இப்பத்தான் எல்லாரும் என் நிலமைக்கு வந்திருக்கீங்க" என்றாள்.

வெளியாட்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த அக்கா வேறு. எதிரே யார் வந்தாலும் வாய் நிறைய "வாங்க வாங்க" என்று கேட்கிறவள். மீட்டர் பார்க்க வருகிறவருக்கு வாங்க, கேஸ் சிலிண்டர்காரருக்கு வாங்க, மண்டபத்தில் மேளக்காரர் வீடியோக்காரர் என்று பாக்கியில்லாமல் எல்லோருக்கும் வாங்க. புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போயிருந்தபோது, மாடிப்படி ஏறித் திரும்பின இடத்தில் ஆளுயரக் கண்ணாடி. அக்கா ஒதுங்கி நின்று கையைக் கூப்பி, "வாங்க, நல்லாருக்கீங்களா" என்றாள். கடைப் பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். "அக்கா, அது நீங்கதான்" என்றேன். "அப்படியா, சேலை பாத்த மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். அரிமளத்தில் அவளுக்கு அப்படி ஒரு நல்ல பெயர். வாங்கன்னு கேக்குறதுல அந்தம்மாவ அடிச்சுக்க ஆள் இல்லை என்பார்கள். ஒவ்வொரு வாங்கவும் எனக்கு முள்ளாகக் குத்தும். அவள் அப்படி ஆனதற்குக் காரணம் நான்தான்.

எங்கள் பக்கத்துச் சங்கதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். விருந்தில் உப்பில்லை என்றால் பொறுத்துக்கொள்வார்கள், இலை கிழிசல் என்றால் பொறுத்துக்கொள்வார்கள். வாசலுக்கு வந்தவரை "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால் அவ்வளவுதான், பரம்பரைப் பகை. வந்தவர் முதலில் வாய் திறக்கவும் மாட்டார். வீட்டுக்காரர் கேட்கிற வரை நிற்பார், கேட்காவிட்டால் திரும்புவார். முகம் தெரியாதவளுக்கு இதைவிட ஒரு சோதனை வேண்டுமா?

அதற்குத்தான் நான். விசேஷ வீட்டு வாசலில் அவள் இடது தோளை ஒட்டி நிற்பேன். உதட்டை அசைக்காமல், "யாருத்தா வர்றது?" என்பாள். நான் சொல்வேன். அவள் உடனே சிரித்த முகமாக, "வாங்க மாமா, அயித்தை வரலையா?" என்பாள். எங்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அது வேலைக்கு வந்த ஆள், இல்லாவிட்டால் முன்னமே வந்து வாங்க கேட்டாயிற்று என்று அர்த்தம். அவள் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

அக்கா மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். விடியற்காலையில் மண்டபத்துக்குப் போய்விட்டோம். நான் மேலே அறையில் பிள்ளையை அலங்காரம் செய்கிறவர்களோடு இருந்தேன். கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து என் அம்மா வந்திருக்கிறாள். வெளுத்த நூல் சேலை, கையில் ஒரு மஞ்சள் பை. வாசலில் ஆள் இல்லையென்று பின்பக்கமாகச் சுற்றிச் சமையல் கட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே அக்கா, பாத்திரம் விளக்க வரவேண்டிய பொம்பளையைக் காணோமே என்று தவித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"வர்ற நேரமா இது? அண்டாவெல்லாம் அங்கிட்டுக் கெடக்கு, சட்டுன்னு ஆகட்டும்" என்றிருக்கிறாள் என் அம்மாவைப் பார்த்து.

அரை மணி நேரம் கழித்து நான் இறங்கி வந்தபோது, என் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பைக்குள் பேத்திமுறைப் பிள்ளைக்கு வாங்கி வந்த பாவாடைத் துணி அப்படியே இருந்தது. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுடி. சம்பந்தி வீட்டு விசேஷம், ஒரு கை வேலை செஞ்சா என்ன தேஞ்சா போயிருவேன்? அது தெரியாமச் சொன்னதுடி" என்றாள் அம்மா.

தெரியாமல்தான். எனக்கும் தெரியும். பதிமூன்று வருஷமாக அவள் கண்ணாக நின்றவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அம்மாவின் கை முழுக்கக் கரி. எல்லோருடைய சொந்தத்துக்கும் நான் பெயர் சொல்ல வேண்டும், என் சொந்தம் அண்டா விளக்க வேண்டுமா? அந்தச் சூட்டோடுதான் போய் வாசலில் அவள் பக்கத்தில் நின்றேன். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து மணி இருக்கும். கீரனூர் மதினி வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நாத்தனார், புருஷன்மார் இருவருக்கும் மூத்தவர், தாயில்லாத வீட்டில் தம்பிகள் இரண்டு பேரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். பிள்ளைக்கு அத்தை என்கிற முறையில் சீர்த்தட்டு கொண்டுவர வேண்டியவரும் அவர்தான். மதினிக்கு அக்கா வைத்திருந்த அடையாளம் தேங்காய் பருமனுக்கு ஒரு கொண்டையும், நாலு வீடு தள்ளியே கேட்கிற பேச்சும். அன்று இரண்டும் இல்லை. புருஷனுக்கு இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்குச் சமயபுரத்தில் முடி இறக்கிவிட்டு வந்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம், அதன்மேல் முந்தானை. உடம்பு பாதியாகியிருந்தது. பின்னால் இரண்டு பெண்கள் தட்டோடு நிற்க, மதினி பேசாமல் நின்றார். வாங்க என்று கேட்கட்டும் என்று நின்றார்.

"யாருத்தா வர்றது?"

நான் சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு நாளாவது இவளுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. அக்கா ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் மதினியின் தோளுக்கு மேலே, அடுத்து வருகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தாள். மதினி இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தட்டுகளைச் சந்தனக் கிண்ணம் இருந்த மேசையில் வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். கூட வந்தவர்களும் போய்விட்டார்கள்.

மறுநாள் பெரியவர் கீரனூருக்கு ஓடினார். "மொட்டத் தலையோட வந்து நின்னது ஒம் பொண்டாட்டிக்கு அசிங்கமாப் போச்சு. பாத்தும் பாக்காத மாதிரி இருந்தா. இனி நான் செத்தாத்தான் நீ வரணும், நீ செத்தாத்தான் நான் வருவேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் மதினி. பெரியவர் வந்து படுத்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அக்கா காலைப் பிடித்துக்கொண்டு, "சத்தியமாத் தெரியலைங்க" என்றாள்.

"எங்க அக்காவத் தெரியலைங்கிற. அப்ப என்னையத் தெரியுதா ஒனக்கு?"

அவளுக்குப் பொய் வராது. "சட்டை மாத்தாம இருந்தாத் தெரியும்" என்றாள்.

இரண்டு மாதம் அவர் அவளோடு பேசவில்லை. அன்றிலிருந்துதான் அக்கா பார்க்கிறவர்களுக்கெல்லாம் வாங்க கேட்க ஆரம்பித்தாள். கண்ணாடிக்கும் சேர்த்து. நான் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாலு நாள் தள்ளினால் சொல்ல முடியாதது நாலு வருஷம் தள்ளினால் வாய்க்கு வருமா? நாத்தனார் கையில் அடி வாங்கினாலும் வாங்கியிருக்கலாம், இந்தச் சுமை பெரிய சுமை. பெரியவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் கீரனூர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு டீக்கடை வாசலில் நிற்பார். அக்காவின் ஒரே வேண்டுதல், மதினி ஒரு தடவை இந்த வாசலை மிதிக்க வேண்டும் என்பதுதான்.

மகள் கல்லூரிக்குப் போன பிறகு போனில் தேடிப் பார்த்து, இப்படி ஒரு குறை உண்டு, சிலருக்குப் பிறவியிலேயே மூளைக்கு முகம் பிடிபடாது என்று கண்டுபிடித்தாள். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரும் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் கீரனூர் போனோம். மதினி வாசலில் நின்றார், வாங்க என்று கேட்கவில்லை. பிள்ளை வெயிலில் நின்றபடியே போனைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

மதினி கேட்டுவிட்டுச் சொன்னார்: "கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்குறவளுக்கு மதி எங்க போச்சு? நூலு கோக்கத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும், என் மூஞ்சி மட்டும் தெரியாதாக்கும். இத்தனை வருசம் கழிச்சு நோவு கண்டுபிடிச்சு எடுத்துட்டு வர்றீங்களா? போங்க ஆத்தா."

நான் பக்கத்தில்தான் நின்றேன். தப்பு என்னுது மதினி என்று நாலு வார்த்தை. வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "பேரு வச்சுட்டாங்கன்னா நல்லதுதான். அந்தப் பேர இனிமே ஒவ்வொருத்தருக்கா போயி நான் சொல்லணுமாக்கும்" என்றாள். அவ்வளவு களைப்பான குரலை அவளிடம் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பெரியவர் போன தை மாதம் இல்லை, அதற்கு முந்தின தையில் மாரடைப்பில் போனார். மதினி மண்டபத்திலிருந்து திரும்பிப் போய் ஒன்பது வருஷம் தாண்டியிருந்தது. பந்தல் போட்டு, நாற்காலி இறக்கி, ஊர் கூடிவிட்டது. எழவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கேட்பதில்லை. போகிறவர்களும் போய்ட்டு வாரேன் என்று சொல்வதில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எல்லோருக்கும் அவிழ்ந்த தலை, அழுது கம்மிப்போன குரல். அவளுடைய துப்பெல்லாம் அன்று ஒன்றுமில்லாமல் போய்விட்டது. ஆனால் யாரென்று தெரியவும் தேவையில்லை, அழுதால் போதும். பாவி, அவளுக்கு வாய்த்த சுலபமான வாசல் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

மதினி வந்தார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். நான் அக்காவின் காதருகில் குனிந்தேன்.

"அக்கா, கீரனூர் மதினி."

கட்டியழுத பெண்களை விலக்கிவிட்டு அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி, "வாங்க மதினி" என்றாள்.

அழுகை நின்றுவிட்டது. யாரோ ஒரு கிழவி, "ஏத்தா, எழவு வீட்டுல வாங்கம்பாங்களா? புத்தி பெரண்டுபோச்சா?" என்று அதட்டினாள். அக்கா காதில் வாங்கவில்லை. "உள்ள வாங்க மதினி" என்று இன்னொரு தடவை கேட்டாள்.

மதினி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வந்துட்டேன்டி. இந்த ஒரு வார்த்தையக் கேக்குறதுக்கு எந் தம்பியக் குடுக்கணுமாடி நான்?" என்று அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பதினாறு நாளும் அவர் அரிமளத்தை விட்டு நகரவில்லை. ஒரே பாயில் படுத்தார்கள்.

காரியம் முடிந்து சொந்தமெல்லாம் கிளம்பின மத்தியானம், நானும் அக்காவும் பின்கட்டில் மிச்ச அரிசியைப் புடைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். மதினி உள்ளே தூங்கினார். இனிமேலும் வைத்திருந்தால் இது என்னைத் தின்றுவிடும் என்று தோன்றியது.

"அக்கா, சடங்கு அன்னைக்கு மதினி வந்தது எனக்குத் தெரியும். வேணும்னேதான் சொல்லாம இருந்தேன்."

அவள் முறத்தை நிறுத்தவில்லை. "தெரியும்த்தா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ பாத்தது தெரியும். நீ சொல்லலைன்னதும் வேலைக்கு வந்தவங்கன்னுதான் நெனச்சேன். ஆனா நீ ரெண்டு காலையும் சேத்து வச்சு, முந்தானைய இழுத்துவிட்டு நின்ன. வேலைக்கு வந்தவங்களப் பாத்து யாரும் அப்படி நிக்க மாட்டாங்க. மூளையில அது ஏறுறதுக்குள்ள அவங்க திரும்பிட்டாங்க."

"அப்புறம் ஏங்க்கா ஒரு வார்த்தை சொல்லல? பெரியவர் அம்புட்டுப் பேசுனாரே. இவதான் சொல்லலைன்னு என்னையக் கைகாட்டியிருக்கலாம்ல?"

"ஒங்க அம்மாவ அண்டா தேய்க்க விட்டது யாரு? நாந்தானே. சாயங்காலந்தான் எனக்கே தெரிஞ்சுச்சு, அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல." அவள் கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "அதுபோக, ஒன்னையும் பகைச்சுக்கிட்டு நான் யார்கிட்டப் போயி யாரு வர்றதுன்னு கேக்குறது?"

மூக்கை உறிஞ்சினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அழுவாத. யாரு மூஞ்சின்னுதான் எனக்குத் தெரியாது, மூஞ்சியில என்ன இருக்குன்னு நல்லாத் தெரியும். மொதல்ல நீ செருப்ப இழுக்குறத வச்சுத்தான் ஒன்னையத் தெரிஞ்சுக்கிருவேன். இந்த ஒம்போது வருசமா அது வேண்டியதில்லாமப் போச்சு. எம்புட்டுக் கூட்டம்னாலும், தப்புப் பண்ணிட்டு முழிக்கிற மாதிரி ஒரு மூஞ்சி என்னையவே பாத்துக்கிட்டு நிக்கும். அதுதான் நீ."

முறத்தைத் தட்டி அரிசியைச் சாக்கில் கொட்டினாள்.

"இப்பச் சொல்லித் தொலைச்சுட்ட. இனிமே கூட்டத்துல ஒன்னைய எப்படித்தான் கண்டுபிடிக்கப் போறேனோ" என்றாள்.